இறைச்சியோடு வீட்டுக்கு வரும் அடங்காத கிருமிகள்

நெஞ்சுச் சளி நியூமோனியாவாக மாறினாலும், வெட்டுக்காயம் சீழ் பிடித்தாலும், பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கிருமி தொற்றினாலும் வைத்தியர்கள் நம்பி எடுப்பது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையே. பேச்சு வழக்கில் இவற்றை அன்ரிபயோட்டிக் என்கிறோம். பெனிசிலின், ரெட்ராசைக்கிளின், அமொக்சிசிலின் ஆகிய பெயர்கள் எம்மில் பலருக்குப் பழக்கமானவை. இம்மருந்துகள் வருவதற்கு முன்னர் பிரசவத்தின் பின் வந்த காய்ச்சலாலும், காலில் குத்திய ஒரு முள்ளாலும் கூட மனிதர் இறந்தனர்.

இன்று இம்மருந்துகளுள் பல, முன்னர் அடக்கிய கிருமிகளை அடக்க முடியாது நிற்கின்றன. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என 2022 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. மனிதர்கள் தேவையின்றியும் அளவு தவறியும் மருந்து உட்கொள்வது இதற்கு முக்கிய காரணம். இதனை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் இன்னொரு வழியும் உண்டு. அது கோழிக் கூட்டிலும் பன்றிக் கொட்டிலிலும் மாட்டுப் பட்டியிலும் தொடங்கி, இறைச்சிக் கடை வழியாக எமது குசினிக்குள் வருகிறது. அந்த வழியைச் சீன நாட்டில் நடந்த ஒரு விடயத்தைக் கொண்டு இங்கு விளக்க முயல்கிறோம். அங்கு ஏற்பட்ட கேட்டையும், பின்னர் அதனைத் திருத்த எடுத்த முயற்சியின் பலனையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். எனவே அது எமக்கு நல்ல பாடம்.

கிருமிக்கு எதிர்ப்பு எப்படி வருகிறது?

ஒரே களைநாசினியை வருடா வருடம் ஒரே வயலில் தெளித்து வரும் விவசாயிக்கு என்ன நடக்கும் என்பது தெரியும். முதற்போகத்தில் களை கருகும். எங்கோ ஒரு மூலையில் கருகாத சில செடிகள் நிற்கும். அவற்றின் விதையே அடுத்த போகத்தில் முளைக்கும். சில வருடங்களில் அந்த மருந்துக்கு அசையாத களையே வயலை நிரப்பி விடும். மருந்து களையைப் பலப்படுத்தவில்லை. பலமுள்ளதைத் தெரிந்தெடுத்து, மற்றவற்றை அகற்றி, அதற்கு இடம் கொடுத்தது.

பற்றீரியாவிலும் இதுவே நடக்கிறது. ஆனால் வேகம் வேறு. மனிதரதும் மிருகங்களதும் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பற்றீரியா, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஆகவே களைக்கு வருடக் கணக்கில் நடப்பது கிருமிக்கு நாட் கணக்கில் நடந்து விடுகிறது.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றும் உண்டு. களைச்செடி தன் எதிர்ப்பைத் தன் இனத்துக்கே கொடுக்கும். பற்றீரியாவோ அயலில் உள்ள வேறு இனப் பற்றீரியாவுக்கும் கொடுக்க வல்லது. எதிர்ப்பைத் தரும் பரம்பரையலகு, அதாவது மரபணு, பல சமயங்களில் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையம் ஒன்றில் இருக்கும். ஒரு கிருமி இந்த வளையத்தின் பிரதியை அருகில் உள்ள கிருமிக்குக் கையளிக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1950களின் பிற்பகுதியில், இரத்தக் கழிச்சல் நோயாளரின் குடற்கிருமிகளை ஆராய்ந்தபோது இதனைக் கண்டறிந்தனர். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாக இருப்பதும் உண்டு. ஆகவே தீமை செய்யாத ஒரு குடற்கிருமி பெற்ற எதிர்ப்பு, நாளை தீய கிருமி ஒன்றிடம் போய்ச் சேரலாம்.

தீனில் கலந்த மருந்து

நோயுற்ற மிருகத்துக்கு மருந்து கொடுப்பதில் தவறில்லை. அது எமது கடமையும் கூட. இங்கு நாம் பேசுவது நோயற்ற மிருகத்துக்குத் தினமும் தீனோடு கொடுக்கும் மருந்தைப் பற்றியதாகும்.

இவ்வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. தோமஸ் ஜூக்ஸ், றொபேட் ஸ்ரொக்ஸ்ராட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1940களின் இறுதியில் கோழிக்குஞ்சுகளின் தீன் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தனர். ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தயாரித்த பின் எஞ்சிய கசடைத் தீனில் கலந்து கொடுத்தபோது குஞ்சுகள் வழமையை விட விரைவாக வளர்ந்தன. 1950 இல் இச்செய்தி பரவியது. கோழி, பன்றி, கன்று ஆகியவற்றின் தீனில் சிறிய அளவு மருந்து சேர்ப்பது சில வருடங்களில் பெரும் பண்ணைகளின் வழக்கமாயிற்று. குறைந்த தீனில் கூடிய நிறை கிடைத்தது. நெருக்கமாக அடைத்து வளர்த்தாலும் நோய் குறைவாக இருந்தது. பண்ணையாளருக்கு இலாபம், மருந்துக் கம்பனிகளுக்குப் புதிய சந்தை.

கிருமியை முற்றாகக் கொல்லாத சிறிய அளவில், நீண்ட நாட்களுக்கு, ஆயிரக் கணக்கான மிருகங்களுக்கு மருந்து கொடுப்பதே எதிர்ப்பை வளர்க்க மிகவும் ஏற்ற வழி. இதனை 1969 இலேயே பிரித்தானியாவில் சுவான் குழுவின் அறிக்கை எடுத்துச் சொன்னது. மனித வைத்தியத்துக்குத் தேவையான மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீனில் சேர்க்கக் கூடாது என அது பரிந்துரைத்தது.

அமெரிக்க வைத்திய ஆய்வாளரான ஸ்ருவேட் லெவியும் அவருடைய குழுவினரும் பொஸ்ரன் நகருக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் செய்த ஆய்வு 1976 இல் வெளிவந்தது. ஒரு தொகுதிக் கோழிகளுக்கு ஒட்சிரெட்ராசைக்கிளின் கலந்த தீனும் மற்றத் தொகுதிக்கு மருந்தில்லாத தீனும் கொடுத்தனர். மருந்துத் தீன் தின்ற கோழிகளின் குடற்கிருமிகள் ஒரு கிழமைக்குள் ஏறத்தாழ முழுவதும் அம்மருந்துக்கு அடங்காதவையாகின. 5, 6 மாதங்களுக்குள் அங்கு வசித்த குடும்பத்தாரிடமும் அது தெரிந்தது. அவர்களிடம் கிழமைக்கு ஒரு தடவை எடுத்த மல மாதிரிகளில் 31 வீதமானவற்றில் குடற்கிருமிகளின் மிகப் பெரும்பகுதி மருந்துக்கு அடங்காததாக இருந்தது. அயல் வீட்டாரின் மாதிரிகளில் இது 7 வீதம் அளவே. குடும்பத்தார் அம்மருந்தை உட்கொள்ளவில்லை. கோழி தின்ற மருந்தின் விளைவு, கோழியைப் பராமரித்தவர்களின் குடலில் தெரிந்தது.

கைவிட்ட மருந்து கடைசி மருந்தாகிறது

கொலிஸ்டின் என்னும் மருந்து 1940களின் பிற்பகுதியில் ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு பற்றீரியாவிலிருந்து பெறப்பட்டது. சில காலம் மனிதருக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் அது சிறுநீரகத்தைப் பாதிப்பதைக் கண்ட வைத்தியர்கள், அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் 1970கள் அளவில் அதைப் பெரும்பாலும் கைவிட்டனர்.

மனிதருக்கு வேண்டாத மருந்து, விலையும் மலிவு. ஆகவே அதனைப் பன்றிக்கும் கோழிக்கும் தாராளமாகக் கொடுப்பதில் எவரும் பெரிய தவறு காணவில்லை. சீனாவில் 1980கள் முதல் கால்நடைத் தீனில் அது சேர்க்கப்பட்டு வந்தது. காலப்போக்கில் அந்நாடு கொலிஸ்டினை மிகப் பெருமளவில் தயாரித்துப் பாவிக்கும் நாடுகளுள் ஒன்றாயிற்று.

இதற்கிடையில் நிலைமை மாறியது. வைத்தியசாலைகளில் மிகவும் பலமான மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் 2000 ஆம் ஆண்டுக்குப் பின் பெருகத் தொடங்கின. வேறு வழியின்றி, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் உயிருக்குப் போராடும் நோயாளருக்குக் கொடுப்பதற்கு வைத்தியர்கள் பழைய கொலிஸ்டினை மீண்டும் எடுத்தனர். சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலும் உயிர் தப்பினாற் போதும் என்ற நிலை. கைவிட்ட மருந்தே கடைசி மருந்தாயிற்று. அதே மருந்து அப்பொழுதும் பன்றித் தொட்டிகளில் தொன் கணக்கில் கொட்டப்பட்டுக் கொண்டிருந்தது.

ஒரு பன்றியின் குடலில் கண்டது

2013 ஜூலை மாதத்தில் ஷங்காய் நகரத்துப் பண்ணையொன்றின் பன்றியிலிருந்து எடுத்த ஈ. கோலி கிருமி ஒன்று கொலிஸ்டினுக்கு அடங்கவில்லை. அத்தகைய கிருமிகள் முன்னரும் அறியப்பட்டவையே. ஆனால் இக்கிருமி தன் எதிர்ப்பை மற்றக் கிருமிகளுக்கும் கொடுத்தது. எதிர்ப்புக்கான மரபணு ஒரு பிளாஸ்மிட் வளையத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். அம்மரபணுவுக்கு எம்.சி.ஆர்-1 எனப் பெயரிடப்பட்டது.

கொலிஸ்டின் பற்றீரியாவின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு அதனைப் பிளந்து கொல்லும். எம்.சி.ஆர்-1 மரபணு அச்சுவரின் தன்மையைச் சற்று மாற்றி விடுகிறது. அதன் பின் மருந்து சுவரில் நன்றாக ஒட்டுவதில்லை.

சீன ஆய்வாளர்கள் 2011 முதல் 2014 வரை சேகரித்த மாதிரிகளில் இம்மரபணுவைத் தேடினர். அறுக்கப்பட்ட பன்றிகளிலிருந்து பெற்ற 804 ஈ. கோலி கிருமிகளுள் 166 இல், அதாவது 21 வீதத்தில், அது இருந்தது. குவாங்சூ நகரத்துச் சந்தைகளிலும் பெரிய கடைகளிலும் வாங்கிய பச்சைப் பன்றி இறைச்சி, கோழி இறைச்சி ஆகியவற்றின் 523 மாதிரிகளுள் 78 இல், அதாவது 15 வீதத்தில், அது இருந்தது. வைத்தியசாலை நோயாளரின் 1,322 கிருமி மாதிரிகளுள் 16 இல், அதாவது 1 வீதம் அளவில் இருந்தது. இம்முடிவுகள் 2015 நவம்பரில் லான்செற் தொற்றுநோய் இதழில் வெளிவந்தபோது உலகெங்கும் வைத்தியர்கள் திடுக்குற்றனர்.

இந்த மூன்று எண்களையும் ஒழுங்காகப் பார்த்தால் கிருமி நடந்து வந்த பாதை தெரியும். மிருகத்தில் கூட, இறைச்சியில் அதற்கு அடுத்தபடி, மனிதரில் மிகக் குறைவு. அக்காலத்தில் சீனாவில் கொலிஸ்டின் மனித வைத்தியத்தில் வழக்கத்தில் இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. உட்கொள்ளாத மருந்துக்கான எதிர்ப்பு மனிதருக்கு வேறெங்கிருந்து வந்திருக்க முடியும்?

இது ஒரு நாட்டின் பிரச்சினையாக நிற்கவில்லை. மற்ற நாடுகளும் தாம் சேமித்து வைத்திருந்த கிருமி மாதிரிகளைத் திரும்பப் பார்த்தன. டென்மார்க்கில் ஒரு நோயாளியின் இரத்தத்திலும் இறக்குமதி செய்யப்பட்ட கோழி இறைச்சியிலும் எம்.சி.ஆர்-1 காணப்பட்டது. 2016 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பெண்ணின் சிறுநீரில் காணப்பட்டது. சில மாதங்களுக்குள் பல கண்டங்களிலிருந்தும் இதே செய்தி வந்தது. சீனாவின் பழைய கோழி மாதிரிகளை ஆராய்ந்தபோது, 1980களைச் சேர்ந்த சில கிருமிகளிலும் அது ஏற்கனவே இருந்தமை தெரிய வந்தது. தீனில் கொலிஸ்டின் சேரத் தொடங்கிய காலமும் அதுவே.

பண்ணையிலிருந்து சட்டி வரை

மிருகத்தின் தசைக்குள் பொதுவாகக் குடற்கிருமி இருப்பதில்லை. அறுக்கும்போது குடல் கிழிந்தோ, தோலிலும் இறகிலும் ஒட்டிய சாணம், எச்சம் மூலமாகவோ அது இறைச்சியின் மேற்புறத்தில் படுகிறது. ஒரே கத்தி, ஒரே மேசை, ஒரே வாளித் தண்ணீர் ஆகியவற்றால் ஒரு கோழியிலிருந்து பத்துக் கோழிக்குப் பரவுகிறது. சல்மொனெல்லா, கம்பிலோபக்டர், ஈ. கோலி ஆகியன இவ்வாறு வருபவை.

வரும் தீங்கு இரு வகைப்படும். ஒன்று உடனே தெரிவது: வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல். உணவினால் வரும் நோய்களால் ஒவ்வொரு வருடமும் 60 கோடிப் பேர் பாதிக்கப்படுகின்றனர் என்றும் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015 இல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பெரும்பாலான வயிற்றோட்டத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை; ஜீவனிக் கரைசலும் ஓய்வும் போதும். ஆனால் கிருமி இரத்தத்தில் கலந்து மருந்து தேவைப்படும் வேளையில் அம்மருந்து பலிக்காவிட்டால் நிலைமை ஆபத்தாகும்.

மற்றது உடனே தெரியாதது. அடங்காத ஈ. கோலி எமது குடலில் புகுந்து எத்தொல்லையும் தராமல் மாதக் கணக்கில் வாழலாம். பின்னொரு நாள் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரும்போதோ, சத்திரசிகிச்சைக்குப் பின்போதோ, பிரசவத்தின் போதோ அது இடம் மாறி நோயை உண்டாக்கும். அப்பொழுது கொடுக்கும் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று எவருக்கும் விளங்காது. என்றோ ஒரு நாள் வெட்டிய கோழியை எவர் நினைக்கப் போகிறார்கள்?

நிறுத்தினால் பயன் உண்டா?

"எல்லாம் கைமீறிப் போய்விட்டது, இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. சீனாவில் பின்னர் நடந்தது அதற்குப் பதிலாகும்.

வளர்ச்சிக்காகத் தீனில் கொலிஸ்டின் சேர்ப்பதைச் சீன அரசாங்கம் 2017 ஏப்ரல் இறுதியிலிருந்து தடை செய்தது. 2015 இல் 27,170 தொன்னாக இருந்த கொலிஸ்டின் தீன்சேர்க்கை உற்பத்தி 2018 இல் 2,497 தொன்னாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் மீண்டும் பண்ணைகளுக்குச் சென்று பார்த்தனர். தடைக்கு முன் பன்றிகளில் 34 வீதமாக இருந்த கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ. கோலி, தடைக்குப் பின் 5 வீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. கோழிகளில் 18 வீதத்திலிருந்து 5 வீதமாயிற்று. மனிதரிலும் பலன் தெரிந்தது. எம்.சி.ஆர்-1 உள்ள ஈ. கோலியைக் குடலில் தாங்கியிருந்தவர்கள் 2016 இல் 14 வீதம்; 2019 இல் 6 வீதம். இரண்டு மூன்று வருடங்களுக்குள் இவ்வளவு மாற்றம் ஏற்பட்டது. இந்தியாவும் 2019 இல் உணவுக்கான மிருகங்களுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

டென்மார்க்கின் அனுபவமும் இதனையே காட்டுகிறது. அந்நாட்டில் அவோபாசின் என்னும் தீன் மருந்து 1995 இல் தடை செய்யப்பட்டது. அது, வைத்தியசாலைகளில் பாவிக்கப்படும் வன்கோமைசின் மருந்தின் நெருங்கிய உறவு. இறைச்சிக் கோழிகளில் எதிர்ப்புள்ள என்ரரோகொக்கஸ் கிருமிகள் 1995 இல் 73 வீதமாக இருந்து 2000 ஆம் ஆண்டில் 6 வீதமாகக் குறைந்தன. ஆனால் பன்றிகளில் அவை உடனே குறையவில்லை. ஏனெனில் ரைலோசின் என்னும் வேறொரு மருந்து பன்றித் தீனில் தொடர்ந்தும் சேர்க்கப்பட்டது. இரண்டுக்குமான எதிர்ப்பும் ஒரே வளையத்தில் இருந்தன. 1998 இல் அதுவும் குறைக்கப்பட்ட பின்னரே பன்றிகளிலும் வீழ்ச்சி ஏற்பட்டது. ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது தீர்வாகாது என்பது இதன் பாடம்.

மருந்தை நிறுத்தியதும் எல்லாம் சுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. பால் மறந்த பன்றிக் குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது. சிகிச்சைக்கான மருந்துத் தேவை சில காலம் உயர்ந்தது. குட்டிகளைத் தாயிடம் கூடுதலான நாட்கள் விடுவது, கொட்டிலைச் சுத்தமாகவும் விசாலமாகவும் வைப்பது, தீனை மாற்றுவது என்பவற்றால் பண்ணையாளர் இதனைச் சமாளித்தனர். டென்மார்க் பன்றி இறைச்சி ஏற்றுமதியில் தொடர்ந்தும் முன்னணியில் நின்றது. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் வளர்ச்சிக்கான நுண்ணுயிர்க்கொல்லிகள் தடை செய்யப்பட்டன. சீனா 2020 இல் மற்ற வளர்ச்சி மருந்துகளையும் தீனிலிருந்து நீக்கியது.

எமது குசினியில்

அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். இதனை முதலில் மனதில் வைக்க வேண்டும். மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமி வெப்பத்துக்கு எதிர்ப்புப் பெறுவதில்லை. இறைச்சியின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் இக்கிருமிகள் இறந்து விடும். எமது கறிகள் நன்றாகக் கொதித்தே இறங்குகின்றன. ஆகவே ஆபத்து பெரும்பாலும் கறியில் இல்லை. இறைச்சி வெட்டிய அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டும்போதே அது வருகிறது. சம்பல் அடுப்பைக் காண்பதில்லை.

1. பச்சை இறைச்சிக்கு ஒரு கத்தியும் பலகையும், மரக்கறிக்கு வேறொன்றும் வைத்திருப்பது நல்லது. இயலாவிட்டால் சம்பலுக்குரியவற்றை முதலில் வெட்டி எடுத்து வைத்து, பின்னர் இறைச்சியை வெட்டலாம். வெட்டி முடிந்ததும் கத்தி, பலகை, கை ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

2. கோழி இறைச்சியைக் குழாய்த் தண்ணீரின் கீழ் பிடித்துக் கழுவினால் கிருமி போவதில்லை. தெறிக்கும் துளிகளோடு அயலில் உள்ள கோப்பைகளுக்குப் பரவும். மஞ்சளும் தேசிக்காயும் மணத்தைப் போக்கலாம், கிருமியை நம்பத்தக்க விதமாகக் கொல்வதில்லை. கழுவியே தீர வேண்டுமானால் பாத்திரமொன்றில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசி, அத்தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றி, அவ்விடத்தைச் சுத்தம் செய்க.

3. குளிரூட்டிய கோழி இளகும்போது வடியும் நீர் மற்ற உணவில் படக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், ஆழமான பாத்திரத்தில் வைக்கவும்.

4. பொரியலிலும் சுட்ட இறைச்சியிலும் எலும்பருகே சிவந்திருக்கிறதா எனப் பிளந்து பார்க்கவும். மிஞ்சிய கறியை வெளியில் நெடுநேரம் விடாது, மறுபடி உண்ணுமுன் நன்றாகக் கொதிக்க வைக்கவும்.

5. பச்சை இறைச்சி தொட்ட கையால் குழந்தையைத் தூக்காதீர்கள். இரத்தத்தோடு கழிச்சல், கடுங்காய்ச்சல், குழந்தைக்குச் சோர்வு என்பன கண்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லவும்.

எமது கொட்டிலில்

பத்துக் கோழியும் ஒரு பசுவும் வளர்க்கும் குடும்பத்தைப் பெரும் பண்ணைகளோடு ஒப்பிட்டுக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் பாதிப்பு முதலில் வருவது மிருகத்தோடு ஒட்டி வாழும் குடும்பத்துக்கே என்பதைப் பொஸ்ரன் பண்ணையில் கண்டோம். ஆகவே எம்மளவில் செய்யக்கூடியவற்றைச் செய்வோம்.

நோய் எதுவென அறியாமல் மருந்து கொடுக்க வேண்டாம். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் இராணிக்கெட் நோய் வைரசினால் வருவது. கோழி அம்மையும் அப்படியே. எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் வைரசைத் தொடாது. வீட்டில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கோழித் தண்ணீரில் கரைப்பதால் கோழி பிழைக்காது. அதன் குடற்கிருமிகளே எதிர்ப்பைக் கற்கும். இந்நோய்களுக்குக் காலத்துக்கு முன் போடும் தடுப்பூசியே வழி. அது பற்றி உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

கால்நடை வைத்தியர் மருந்து எழுதினால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குக் கொடுக்கவும். கொடுத்த திகதியையும் மருந்தின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கவும். மருந்து கொடுத்த பின் எத்தனை நாட்களுக்குப் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விற்கவோ உண்ணவோ கூடாது என்பதைக் கேட்டு அதையும் எழுதவும். மடியழற்சிக்கு மருந்து ஏற்றிய பசுவின் பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் எதிர்ப்பை வளர்க்கும். இறைச்சியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் அதில் தங்கிய மருந்து முழுவதும் அழிந்து விடும் என்று கொள்ள முடியாது.

தீன் மூடை வாங்கும்போது அதில் என்ன மருந்து கலந்துள்ளது என்று கேளுங்கள். சுட்டுத்துண்டை வாசியுங்கள். கேட்பவர்கள் பலரானால் விற்பவரும் பதில் வைத்திருப்பார்.

மருந்தின் தேவையைக் குறைப்பது சுத்தமே. சுத்தமான குடிநீர், காற்றோட்டம், காய்ந்த விரிப்பு, நெருக்கமில்லாத இடம் ஆகியன வேண்டும். புதிதாக வாங்கிய கோழியை இரு கிழமைக்காவது தனியாக வைத்துப் பார்த்த பின் மற்றவற்றோடு விடவும். செத்த கோழியை வாய்க்காலிலோ நாய்க்கோ எறியாமல் ஆழப் புதைக்கவும். பச்சைக் கோழி எருவைக் கீரைப் பாத்திக்கு இட வேண்டாம். குவித்து மூடி, சூடேறிப் புரட்டி, நன்கு மக்கிய பின்னரே இடவும்.

முடிவாக

கொலிஸ்டினுக்குப் பின் அலுமாரியில் இருக்கும் மருந்துகள் மிகச் சில. புதியன மெதுவாகவே வருகின்றன. வந்தாலும் விலை கூடியவை. அடங்காத கிருமி தொற்றினால் பணமுள்ளவர் இன்னொரு மருந்தை, இன்னொரு வைத்தியசாலையைத் தேடலாம். கிராமத்துக் குழந்தைக்கு இருப்பது பக்கத்து ஆஸ்பத்திரியில் உள்ள மருந்து மாத்திரமே. அது வேலை செய்ய வேண்டும்.

தீனில் மருந்து சேர்ப்பதை அரசுகள் சட்டத்தால் நிறுத்த வேண்டும்; கம்பனிகள் மூடையில் உண்மையை எழுத வேண்டும். இவற்றை மாதர் சங்கத்திலும் விவசாய சங்கத்திலும் கால்நடை வளர்ப்போர் கூட்டங்களிலும் பேசி, ஒன்றாகக் கேட்போம். அதுவரை காத்திராமல், இன்று மாலை இறைச்சி வெட்டிய பலகையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதிலும், கோழித் தண்ணீரில் குளிசை போடாமல் விடுவதிலும் தொடங்கலாம்.